மலைக் காணியில் வீடு: கட்டிடக் கலைஞரைப் பிடிக்கும் முன்

வீடு கட்டப் போகிறவர்கள் கட்டிடக் கலைஞரிடம் முதலில் கேட்பது, "முன்பக்கம் எப்படி வரும்?" என்பதுதான். கணினியில் செய்த வண்ணப்படம் ஒன்று கைபேசிக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த நினைப்பு வந்துவிடும். இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை மாதிரி இடங்களில் செலவையும் வீட்டின் ஆயுளையும் முடிவு செய்வது அந்தப் படத்தில் தெரியாத பக்கம். பின்னால் எவ்வளவு மண் வெட்டுகிறார்கள், வெட்டிய மண்ணை எது தாங்கும், மேலிருந்து வரும் தண்ணீர் எந்த வழியாகக் கீழே இறங்கும்? இதையெல்லாம் காட்டுவது, வீட்டையும் மலையையும் சேர்த்துக் குறுக்கே அறுத்துக் காட்டும் வெட்டுமுகப் படம். ஆளைத் தேர்வதிலிருந்து கடைசித் தவணை கொடுக்கும் வரை உங்கள் கண் அதில்தான் இருக்க வேண்டும்.

காணி முதலில், கலைஞர் பிறகு

காணி உறுதி, நில அளவைப் படம், பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ வரி கட்டிய பற்றுச்சீட்டு, வீதிக்கோட்டுச் சான்றிதழ் ஆகியவை கையில் இல்லாமல் எவரிடமும் படம் வரையக் கொடுக்காதீர்கள். வீதிக்கோடு, அதாவது வீதியை அகலமாக்க ஒதுக்கிய எல்லை, காணிக்குள் நாலைந்து அடி வந்திருந்தால், சிறிய காணியில் வீட்டின் முழு அமைப்பும் மாறிவிடும். தேயிலைத் தோட்டக் காணியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 7 பேர்ச் காணி "கொடுத்தாச்சு" என்று வாய்மொழியாகச் சொல்லியிருப்பார்கள், உறுதி வந்திருக்காது. உறுதி இல்லாத காணிக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம், சபை அனுமதியும் இழுபடும். அப்படிப்பட்ட இடத்துக்கு முழுப் படத் தொகுதி வரைவித்துப் பணத்தை முடக்க வேண்டாம்.

அடுத்தது மண்சரிவு. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் மண்சரிவு அபாயமுள்ள பகுதியில் கட்டுவதற்கு, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய மதிப்பீட்டு அறிக்கையைச் சபை கேட்கும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலை முழுக்க நடந்த மண்சரிவுகளும் தெரிந்தவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. பலர் தவறுவது நேரத்தில். முழுப் படமும் வரைந்து, பொறியியலாளரிடம் கணக்கும் போட்டு முடித்த பிறகு அறிக்கைக்கு விண்ணப்பிக்கிறார்கள். "இவ்வளவு உயரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கானை (வடிகாலை) இந்தப் பக்கம் திருப்பு, வீட்டை முன்னால் நகர்த்து" என்று நிபந்தனை வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டிவரும், அதற்குத் தனிக் கட்டணமும் எழும். ஆரம்ப மாதிரி வரைபடம் முடிந்த கையோடு, விரிவான படங்களுக்கு முன்னமே விண்ணப்பிப்பதுதான் சரி. காணியை இன்னும் வாங்கவில்லை என்றால், வாங்கும் முன்பே மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். 2025 நவம்பருக்கு முன் எடுத்த அறிக்கை கையில் இருந்தால், அதை நம்பி இருக்காமல் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

அதிகாரிகள் வரும்வரை நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. சரிவில் நிற்கும் மரங்களின் அடி வளைந்திருக்கிறதா, நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பு ஓடுகிறதா, வெயில் காலத்திலும் ஓரிடத்தில் ஊற்று கசிகிறதா, பக்கத்து வீட்டு மதில் வயிறு தள்ளி நிற்கிறதா? காணிக்கு மேலே இருந்த பழைய தேயிலைக் கான்கள் அடைபட்டுப் போனால், அந்தத் தண்ணீர் எல்லாம் உங்கள் காணிக்குத்தான் இறங்கும். இதை அந்த ஊரில் வயதானவர்களிடம் கேட்டாலே சொல்வார்கள்.

மூன்றாவது, உயர வரைபடம். உறுதியோடு இருக்கும் நில அளவைப் படம் எல்லையையும் பரப்பையும் மட்டும்தான் சொல்லும், அதுவும் தட்டையாக அளந்த பரப்பை. 10 பேர்ச் என்றால் சுமார் 253 சதுர மீட்டர். அது 20 மீட்டர் ஆழமும் 12 மீட்டருக்குச் சற்றுக் கூடிய அகலமும் உள்ள காணியாக, 30 பாகைச் சரிவில் இருந்தால், மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் உயர வித்தியாசம் 11.5 மீட்டர். ஏறக்குறைய நாலு மாடி! இது தெரியாமல் வரையும் படம் வெறும் கற்பனை. அனுமதி பெற்ற சர்வேயரிடம் அரை மீட்டர் உயரத்துக்கு ஒரு உயரக்கோடு (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடு) போட்ட படம் கேளுங்கள். அதில் வீதி மட்டம், கான், பாறை, பெரிய மரம், மின்கம்பம், அயலவர் மதிலின் அடிமட்டமும் தலைமட்டமும் இருக்க வேண்டும். எல்லையோடு நிறுத்தாமல், மேலும் கீழும் சில மீட்டர் வெளியேயும் அளக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதல் கூலி ஆகும், ஆனால் பிறகு மண் வெட்டும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

யார் என்ன வேலை செய்வார்

மலையகத்தில் "பிளான் அடிக்கிறவர்" என்று ஒருவரையே எல்லாவற்றுக்கும் பிடிப்பது வழக்கம். வேலைகள் வேறு வேறு. படவரைஞர் நீங்கள் சொல்வதை அளவோடு வரைந்து சபைக்குக் கொடுப்பார். கட்டிடக் கலைஞர் காணியையும் குடும்பத்தையும் பார்த்து அமைப்பை வகுப்பார். தூண், பீம், அத்திவாரம், தடுப்பு மதில் ஆகியவற்றின் கணக்கு கட்டமைப்புப் பொறியியலாளருடையது. பி.ஓ.கியூ. என்று எல்லாரும் சொல்லும் அளவுப் பட்டியலைத் தயாரிப்பவர் அளவையாளர். மேசன் பாஸ் இவர்கள் எல்லாருடைய வேலையையும் அனுபவத்தால் செய்துவிடுவார் என்று நம்புவது சமதரையில் ஓரளவு செல்லும், சரிவில் செல்லாது.

ஒரு மாடிச் சின்ன வீடு, காணியும் கிட்டத்தட்ட மட்டம் என்றால் நல்ல படவரைஞரும் ஒரு பொறியியலாளரும் போதும். அதற்குக் கட்டிடக் கலைஞர் கட்டாயம் என்று சொல்ல மாட்டோம். சரிவு கூடினால், அல்லது வீடு இரண்டு மட்டத்தில் வரும் என்றால் கட்டிடக் கலைஞருக்குக் கொடுக்கும் பணம் மண்வேலையிலேயே திரும்பி வந்துவிடும். எந்தப் பரப்பு வரை யாருடைய கையொப்பத்தை ஏற்பார்கள் என்பதை உங்கள் பிரதேச சபையிலோ நகர சபையிலோ முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவைப் பார்ப்பது எளிது. இலங்கை கட்டிடக் கலைஞர் நிறுவகம் 1976ஆம் ஆண்டின் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. 1996இல் வந்த திருத்தச் சட்டத்தின் கீழ் பதிவுச் சபை இயங்குகிறது. பதிவிலக்கத்தையும், நடப்பு ஆண்டுக்கான பதிவு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். முறையாகத் தொழில் செய்கிறவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பதிவு இருந்தால் மட்டும் போதாது. அவர் சரிவில் கட்டிய வீடு ஒன்று, குறைந்தது இரண்டு மழைக்காலம் கண்டதாக, காட்டச் சொல்லுங்கள். போனால் முன்பக்கத்தில் நிற்க வேண்டாம். வீட்டின் பின்னால் போய்த் தடுப்பு மதிலைப் பாருங்கள். மதிலில் உள்ள நீர் வடியும் துளைகளில் தண்ணீர் வந்த தடம் இருக்கிறதா, அல்லது துளை வறண்டு மதில் முழுக்கப் பாசி ஊறிக் கிடக்கிறதா? இரண்டாவது என்றால் துளை அடைத்துவிட்டது, தண்ணீர் மதிலுக்குப் பின்னால் நிற்கிறது. பின்னறைச் சுவரின் அடியில் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரரிடம், "மே மாதத்தில் துணி எங்கே காயப் போடுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். வரைந்தவர் அந்த ஊர் வாழ்க்கையை எவ்வளவு யோசித்தார் என்பது பதிலில் தெரியும்.

முதல் சந்திப்பில் அவர் கேட்கும் கேள்விகளையும் கவனியுங்கள். காணிக்கு வராமலே, உயர வரைபடம் கேட்காமலே, "1,500 சதுர அடி, மூன்று அறை, இவ்வளவு ஆகும்" என்று விலை சொல்பவரை அங்கேயே விட்டுவிடலாம்.

கட்டணமும் உடன்படிக்கையும்

கட்டணம் மூன்று விதமாகக் கேட்பார்கள்: கட்டுமானச் செலவில் ஒரு வீதம், சதுர அடிக்கு இவ்வளவு, அல்லது மொத்தமாக ஒரு தொகை. வீதம் என்றால் எந்தச் செலவின் வீதம் என்று எழுத வேண்டும். ஒரு கணக்குக்கு, ஒன்றரைக் கோடி மதிப்பீட்டில் 6 வீதம் என்றால் 9 லட்சம். வேலை முடியும்போது செலவு 2 கோடியாகிவிட்டால் அதே வீதம் 12 லட்சம். விலைவாசி ஏறியதற்காக அவருக்கும் கூட்டிக் கொடுப்பீர்களா, முதலில் ஒத்துக்கொண்ட மதிப்பீட்டிலேயே நிறுத்துவீர்களா? இதை ஆரம்பத்தில் பேசாமல் விட்டால் கடைசியில் மனக்கசப்புதான். சதுர அடிக் கணக்கில் வேறொரு சிக்கல். தடுப்பு மதிலுக்கும் கானுக்கும் படிக்கட்டுக்கும் சதுர அடி கிடையாது. அவற்றை யார் வரைவது என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும். சரிவான காணிக்கு, வேலைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட மொத்தத் தொகையே நல்லது என்பது எங்கள் கருத்து.

பணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள்: ஆரம்ப வரைபடம், சபைக்கான படங்கள், கட்டுவதற்கான விரிவான படங்கள், மேற்பார்வை. ஒரு கட்டத்தின் காகிதம் கைக்கு வந்த பிறகு அந்தக் கட்டத்தின் பணம். மேற்பார்வைக்கு உரியதை வேலை நடக்கும்போது மட்டும் கொடுங்கள். முழுப் பணமும் வாங்கிய பிறகு கொழும்பிலிருந்து மஸ்கெலியாவுக்கு மழையில் ஏறி வருவது எவருக்கும் கஷ்டம்தான்.

உடன்படிக்கையில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: பொறியியலாளர், அளவையாளர் கட்டணம் உள்ளேயா வெளியேயா, எத்தனை முறை திருத்தித் தருவார், சபை திருப்பி அனுப்பினால் திருத்துவது யார் செலவு, எத்தனை முறை காணிக்கு வருவார், போக்குவரத்துச் செலவு யாருடையது, இடையில் பிரிய நேர்ந்தால் அதுவரை வரைந்த படங்களை வைத்து வேறொருவரிடம் வேலையைத் தொடரலாமா. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் விடுபட்டுப்போகும்.

நீங்கள் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம்

"மூன்று அறை, ஒரு ஹோல், நல்ல காற்றோட்டம்" என்று சொன்னால் எங்கேயும் கட்டக்கூடிய ஒரு வீடுதான் கிடைக்கும். கண்டியில் வேலை செய்த கட்டிடக் கலைஞர் மின்னெட் டி சில்வா, 1958இல் வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்துக்கு, குடிவரப் போகும் குடும்பங்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்துத் தேவைகளை எழுதி வாங்கினார். உங்களிடம் யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே எழுதிக் கொடுங்கள். காலையில் யார் முதலில் எழும்புவது, விறகடுப்பும் இருக்க வேண்டுமா, சாமி அறை எங்கே, ஊரிலிருந்து பத்துப் பேர் வந்தால் எங்கே படுப்பது, ஆட்டோ வாசல் வரை வர வேண்டுமா, மழைக்காலத்தில் துணி எங்கே காயும். வயதான அம்மா அப்பா இருந்தால், வீதி மட்டத்திலேயே ஒரு படுக்கையறையும் மலசலகூடமும் கேளுங்கள். மலை வீட்டில் படிக்கட்டைத் தவிர்க்க முடியாது, ஆனால் அவர்களைத் தினமும் அதில் ஏற்றி இறக்கத் தேவையில்லை.

உங்களிடம் உள்ள பணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதில் வீட்டுக்கு இவ்வளவு, மண்வேலைக்கும் மதிலுக்கும் கானுக்கும் இவ்வளவு என்று தொடக்கத்திலேயே பிரிக்கச் சொல்லுங்கள். லொறி போகாத இடம் என்றால் தலைச்சுமைக் கூலியைத் தனியாகக் கணக்கிட வேண்டும். மணல் ஒரு கியூப் 100 கன அடி. வீதியிலிருந்து காணிக்கு நூறு படி என்றால், அந்த ஒரு கியூப்பைச் சுமக்கும் கூலி சில வேளை மணலின் விலையை நெருங்கிவிடும். ஆள் சுமந்து ஏற்றக்கூடிய நீளமும் பாரமும் உள்ள பொருட்களாகவே படத்தில் வர வேண்டும் என்பதைக் கலைஞருக்குச் சொல்லிவிடுங்கள்.

வெட்டுமுகப் படத்தைப் படிப்பது

ஆரம்ப வரைபடத்தோடு குறைந்தது இரண்டு வெட்டுமுகம் கேளுங்கள். மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லை வரை, பழைய நிலமட்டத்தைப் புள்ளிக் கோட்டால் காட்டியதாக இருக்க வேண்டும். வீடு மட்டும் தெரியும் வெட்டுமுகம் உதவாது.

அதில் முதலில் பார்க்க வேண்டியது வெட்டின் உயரம். 25 பாகைச் சரிவில் 8 மீட்டர் அகலத்துக்கு ஒரே தளமாக வெட்டினால், பின்னால் 3.7 மீட்டர் உயர மண்சுவர் நிற்கும். பாதி வெட்டிப் பாதி நிரப்பினால் வெட்டு 1.85 மீட்டராகக் குறையும், ஆனால் வீட்டின் முன்பாதி நிரப்பிய மண்ணில் வரும். நிரப்பிய மண் இரண்டு மூன்று மழைக்கு இறங்கியே தீரும். அத்திவாரம் அதைத் தாண்டி இயற்கை மண்ணுக்குப் போகாவிட்டால் வீட்டின் நடுவில் வெடிப்பு ஓடும். மூன்றாவது வழி, வீட்டையே 4 மீட்டர் அகலமுள்ள இரண்டு தட்டாகப் பிரிப்பது. ஒவ்வொரு வெட்டும் 1.9 மீட்டருக்குள் அடங்கும், இடையில் பதினொரு பன்னிரண்டு படி. நான்காவது, முன்பக்கத்தைத் தூண்களில் தூக்கி நிறுத்துவது. மண்வேலை குறையும், ஆனால் நெட்டைத் தூண்களைப் பீம்களால் பிணைக்கப் பொறியியலாளர் கணக்கு கட்டாயம். உங்கள் கலைஞர் ஏதோ ஒன்றைத்தான் வரைந்து வருவார். மற்றவற்றை ஏன் விட்டார் என்று கேளுங்கள். மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வைத்து ஒரே நாளில் மட்டமாக்கிவிடலாம் என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

இரண்டாவது, தடுப்பு மதில். கருங்கல் மதிலின் அடி அகலம் பொதுவாக உயரத்தின் பாதிக்குக் குறையாது. 3 மீட்டர் உயரம், அடியில் 1.6 மீட்டர், தலையில் அரை மீட்டர், நீளம் 12 மீட்டர் என்று வைத்தால், அத்திவாரத்தை விட்டே 38 கன மீட்டர் கல்வேலை வரும். அதாவது 13 கியூப்புக்கு மேல். இதை "மதில் - ஒரு தொகை" என்று மதிப்பீட்டில் ஒற்றை வரியில் போட்டிருந்தால், பாதி வீட்டில் பணம் முடிந்துவிடும். மலையகத்தில் பூச்சுப் பூசாமல் நிற்கும் வீடுகள் பலவற்றின் பணம் இப்படித்தான் மதிலுக்குள் போயிருக்கிறது. மதிலில் 75 மில்லிமீட்டர் குழாய்களை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, வரிசை மாறி மாறி, வெளிப்பக்கம் சரித்து வைக்க வேண்டும். பின்னால் கல்லும் சரளையும் நிரப்பி, மண் உள்ளே வராமல் வடிதுணி போட வேண்டும். மதிலைச் சரிப்பது பெரும்பாலும் மண்ணின் பாரம் மட்டும் அல்ல, வழி கிடைக்காமல் பின்னால் தேங்கும் தண்ணீரும்தான்.

மூன்றாவது, வெட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி. சிறிய வீட்டுக்குப் பின்னால் விட வேண்டிய வெளி வழக்கமாக 2.3 மீட்டர். சரிவில் அது வெளிச்சத்துக்கு மட்டும் அல்ல, கான் போவதற்கும், சரிந்த மண்ணை அள்ள ஆள் போவதற்கும் வேண்டும். அறையை நீட்டுவதற்கு அந்த இடத்தைத் தின்னவிடாதீர்கள்.

நான்காவது, மலசலகூட உறிஞ்சுகுழி. சபை கேட்கிறது என்று காணியின் மூலையில் வட்டம் போட்டுவிடுவார்கள். அது தடுப்பு மதிலுக்கு மேலே வந்தால் வருடம் முழுவதும் மதிலுக்குப் பின்னால் மண் ஊறிக்கொண்டிருக்கும். கீழே அயலவரின் கிணறு இருந்தால் 50 அடித் தூரம் வேண்டும். இதைப் பொதுச் சுகாதார பரிசோதகர் பார்ப்பார். 7 பேர்ச்சில் இது கஷ்டமான கணக்கு. ஆகவே குழியின் இடத்தை முதலிலும் அறைகளைப் பிறகும் வைப்பது நல்லது.

அத்திவாரத்தை முடிவு செய்யும் முன் வீட்டின் நாலு மூலையிலும் ஆள் உயரத்துக்குச் சோதனைக் குழி வெட்டுங்கள். ஒரு மூலையில் பாறை தட்டினால் மகிழ்ந்துவிடக் கூடாது. அது தாய்ப்பாறையா, மண்ணில் மிதக்கும் உருட்டுக்கல்லா என்று பொறியியலாளர் பார்க்க வேண்டும். பாதி வீடு கல்லிலும் பாதி மண்ணிலும் இருந்தால் இரண்டும் ஒரே அளவில் இறங்காது.

மழை வரும் திசை

கொழும்பு வீட்டை அப்படியே நுவரெலியாவில் நட்டால் குளிரில் நடுங்க வேண்டும். 1,868 மீட்டர் உயரத்தில் தேவைப்படுவது வெயிலை உள்ளே விடும் கிழக்கு ஜன்னல். பின்னேரத்தில் மேகம் மூடிவிடும், காலை வெயில்தான் கணக்கு. கண்டியில் இதே யோசனை வேண்டாம், அங்கே நிழலும் காற்றும் வேண்டும். வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழை தென்மேற்கிலிருந்து அடிக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை. எந்தப் பக்கத்துச் சுவருக்கு நீண்ட கூரைத் தாழ்வாரம் வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. உலோகத் தகட்டுக் கூரை மலிவு, சுமப்பதும் சுலபம். ஆனால் குளிர் இரவுகளில் அடியில் நீர் கோத்துச் சொட்டும், கீழே காப்புத் தாளும் காற்றுப் போக இடமும் வேண்டும். கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாய் எந்தக் கானில் விழுகிறது என்று படத்தில் அம்புக்குறி இருக்க வேண்டும். "வெளியே விடலாம்" என்றால் அது கீழ்வீட்டுக்காரரின் தலையில் விடுவதாகும்.

கட்டும்போது வர வேண்டிய நாட்கள்

கட்டிடக் கலைஞர் தினமும் நிற்க மாட்டார், நிற்கத் தேவையும் இல்லை. கட்டாயம் வர வேண்டிய சந்தர்ப்பங்களை உடன்படிக்கையிலேயே எழுதுங்கள்: வெட்டி முடித்து அத்திவாரக் கிடங்கு தெரியும்போது, கம்பி கட்டிக் கொங்கிரீட் போடும் முன், மதிலுக்குப் பின்னால் சரளை போட்டு மண் மூடும் முன், கூரைச் சட்டம் ஏறியதும். இவற்றில் மூன்றாவதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். மூடிய பிறகு உள்ளே சரளை இருக்கிறதா, சீமெந்துப் பையும் உடைந்த கல்லும் இருக்கிறதா என்று எவராலும் சொல்ல முடியாது. பொறியியலாளரும் அன்று கூட வரட்டும். மண்வேலையை உங்கள் பக்கத்துப் பெருமழைக்கு முன் முடிக்கும்படி நாட்காட்டி போடச் சொல்லுங்கள். திறந்த வெட்டு மழைக்குள் போகவே கூடாது.

கொந்தராத்துக்காரருக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை ஒரு முழு மழைக்காலம் முடியும்வரை பிடித்து வையுங்கள். கலைஞரிடமிருந்து கடைசித் தவணைக்கு முன் வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அனுமதித்த படத்தின்படி வீடு கட்டப்பட்டது என்று சபை தரும் இணக்கச் சான்றிதழுக்கு அவர் கொடுக்க வேண்டிய காகிதங்கள். மற்றது, கட்டியபடியே வரைந்த படம். கான், மண்ணுக்குள் போன குழாய், உறிஞ்சுகுழி, மதிலின் அடி ஆகியவை உண்மையில் எங்கே இருக்கின்றன என்று அதில் இருக்க வேண்டும். பின்னால் ஒரு மாடி ஏற்றவோ அடைத்த குழாயைத் தோண்டவோ போகும்போது கையில் இருக்க வேண்டியது அந்தத் தாள்.